கதவைச் சாத்தியது யார்? அறிவியல் புனைகதையில் ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

"பழைய அறிவியல் புனைகதைகளில் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்கள்." கடைசி வருட ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு இது. வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு வேலை கிடைக்குமா மகள்?" கம்பஸில் கேட்டது வேறு: "புத்தகம் கிடைக்குமா?" இரண்டாவதற்குத்தான் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

7 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை 11 மாதம் இழுத்தது. அதில் பாதிக்கு மழையும் கடதாசியும் காரணம், மீதிப் பாதிக்கு நானே காரணம். வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) படிக்கிறவர்கள், வெளிவாரியாகப் பதிந்துவிட்டுத் தனியாகத் தடுமாறுகிறவர்கள், யாராவது இதே பக்கம் வரப் போகிறீர்கள் என்றால் கீழே இருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள். நான் செய்த வரிசை வேண்டாம்.

1. மூன்று புத்தகத்துக்கு மேல் எடுக்காதீர்கள்

என் முதல் முன்மொழிவில் 9 நாவல்கள் இருந்தன. மேற்பார்வையாளர் இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் "இது ஆய்வா, நூலகப் பட்டியலா?" என்று எழுதித் திருப்பித் தந்தார். அன்று முழுக்கக் கோபம். மறுநாள் யோசித்தால் அவர் சொன்னது சரி. 80 பக்கத்துக்குள் 9 நாவலை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம் மட்டும்தான் எழுத முடியும்.

எதை எடுப்பது? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மூன்றை எடுக்காதீர்கள். ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிற மூன்றை எடுங்கள். என் அனுபவத்தில் நல்ல தெரிவுகள் ஐந்து.

மேரி ஷெல்லியின் "பிராங்கன்ஸ்டைன்" (1818) இல்லாமல் இந்தத் தலைப்பை எழுத முடியாது. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்பவன் ஒரு உயிரினத்தை உருவாக்கி, உயிர் கொடுத்துவிட்டுக் கைவிடுகிற கதை. ஒதுக்கல் ஒருவனை எப்படி மாற்றுகிறது என்பதை அவனுடைய வாயாலேயே படிப்படியாகச் சொல்ல வைத்த நாவல் அது. எச்.ஜி. வெல்ஸின் "தி இன்விசிபிள் மேன்" (1897) அதற்கு நேர் எதிரே நிற்கும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். வெல்ஸின் "தி ஐலண்ட் ஒஃப் டொக்டர் மோரோ" (1896) இன்னொரு விசித்திரம். அந்தத் தீவில் மிருகங்களை அறுத்து மனிதராக்கும் மோரோவும் இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்ட ஆள்தான், அவருடைய உதவியாளன் மொன்ட்கொமரியும் லண்டனில் தலைகாட்ட முடியாமல் வந்தவன்தான். ஒதுக்கப்பட்டவர்கள் சேர்ந்து புதிதாக ஒதுக்கப்பட்டவர்களை உற்பத்தி செய்கிறார்கள். ஜோன் விண்டமின் "தி கிரிசலிட்ஸ்" (1955), டானியல் கீஸின் "ஃபிளவர்ஸ் ஃபோர் அல்ஜர்னன்" இரண்டும் பிந்தியவை. ஆனால் மொழி எளிது. ஆங்கிலத்தில் வாசிக்கப் பயம் உள்ளவர்கள் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

நான் கடைசியில் எடுத்தவை "பிராங்கன்ஸ்டைன்", "இன்விசிபிள் மேன்", "கிரிசலிட்ஸ்".

2. எந்தப் பதிப்பு என்று முதல் நாளே எழுதி வையுங்கள்

என்னுடைய இரண்டு மாதத்தை விழுங்கியது இதுதான். டவுனில் 350 ரூபாவுக்கு ஒரு "பிராங்கன்ஸ்டைன்" கிடைத்தது. சந்தோஷமாக வாங்கி, அடிக்கோடு போட்டு, குறிப்பெடுத்து முடித்த பிறகுதான் அது பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிய பதிப்பு என்று தெரிந்தது. உயிரினம் ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பார்க்கும் பகுதி அதில் அரைப் பக்கம். என் ஆய்வுக்கு உயிரே அந்தப் பகுதிதான்.

முழுப் பதிப்பிலும் இரண்டு உண்டு. 1818இல் வந்தது மூன்று பாகம். ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் 1இலிருந்து தொடங்கும். 1831இல் மேரி ஷெல்லி திருத்தியது 24 தொடர் அத்தியாயங்கள். ஒன்றில் 10ஆம் அத்தியாயம் என்பது மற்றதில் இரண்டாம் பாகத்தின் 2ஆம் அத்தியாயம். கதையிலும் மாற்றம் உண்டு: விக்டரின் வீட்டில் வளரும் எலிசபெத் 1818இல் அவனுக்கு மைத்துனி முறை, அப்பாவின் சகோதரி மகள். 1831இல் அவள் எடுத்து வளர்த்த பிள்ளை. இரண்டையும் கலந்து எழுதினால் பரீட்சகர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். ஒதுக்கல் பற்றி எழுதுகிறவர்களுக்கு "எடுத்து வளர்த்தார்கள்" என்பது சின்ன விசயமும் இல்லை. அந்த வீட்டுக்கு வெளியாளை ஏற்றுக்கொள்ளத் தெரியும் என்று ஆகிறதே! அப்படியானால் இந்த உயிரினத்தை மட்டும் ஏன் ஏற்கவில்லை?

"அல்ஜர்னன்" எடுப்பவர்களுக்கும் அதே பொறி. 1959இல் சிறுகதையாக வந்தது, 1966இல் நாவலானது. சிறுகதையில் நாயகன் சார்லி வேலை செய்வது பெட்டி செய்யும் தொழிற்சாலையில், நாவலில் பேக்கரியில். எதை வாசித்தீர்கள் என்று தெளிவாகப் போடுங்கள்.

செலவைப் பற்றி: மேரி ஷெல்லி இறந்தது 1851, வெல்ஸ் 1946. இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை இல்லை. ஆகவே இவர்களின் நூல்களை குட்டன்பேர்க் என்ற மின்னூல் தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். "பிராங்கன்ஸ்டைன்" இரண்டு பதிப்பும் அங்கே இருக்கிறது. விண்டம் இறந்தது 1969, கீஸ் 2014. இவர்களுடையதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். "கிரிசலிட்ஸ்" எனக்குக் கொழும்பில், மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் 1,800 ரூபாவுக்குக் கிடைத்தது. அதையும் நான் போய் வாங்கவில்லை. அங்கே வேலை செய்யும் மச்சாள் வாங்கி, இரவு பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள்.

3. படத்தைப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 1931இல் வந்த ஹொலிவூட் படத்தில் அந்த உயிரினத்துக்குப் பேச்சு வராது, கழுத்தில் ஆணி இருக்கும். நாவலில் அது நம்மை விட நன்றாகப் பேசும், மில்டனின் காவியம் வாசிக்கும். இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. படத்தில் அதற்கு ஒரு குற்றவாளியின் மூளை தவறுதலாக வைக்கப்படுகிறது. அந்த ஒரு மாற்றத்தோடு உங்கள் தலைப்பே செத்துப்போகும். மூளை கெட்டதால் கெட்டது என்றால் ஊர் தப்பிவிடும் அல்லவா?

பிராங்கன்ஸ்டைன் என்பது உருவாக்கிய ஆளின் பெயர். உயிரினத்துக்குப் பெயரே இல்லை. எங்கள் பக்கம் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைப்போம். அதற்கு அந்த நாளும் வரவில்லை.

4. கதவுக் கொப்பி ஒன்று போடுங்கள்

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான படி. அவசரப்பட வேண்டாம்.

நான் முதலில் எழுதிய வரைவு முழுக்க "சமூகம் அவனை வெறுத்தது, அதனால் அவன் கொடியவன் ஆனான்" என்ற ஒரே வசனம்தான், 40 பக்கத்துக்கு. மேற்பார்வையாளர் கேட்டார்: "எத்தனை தரம் வெறுத்தது? முதல் தரம் யார்? அதுக்கும் முதல் கொலைக்கும் இடையில என்ன நடந்தது?" எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரு கொப்பியை எடுத்து நான்கு நிரல் கீறினேன். யார் கதவைச் சாத்தினார்கள்? எதைக் கண்டு அல்லது கேட்டுச் சாத்தினார்கள்? அதற்குச் சற்று முன் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? அதற்குப் பிறகு என்ன செய்தான்?

"பிராங்கன்ஸ்டைன்" நாவலை இந்தக் கொப்பியில் போட்டால் இப்படி வரும்.

முதல் கதவு விக்டர். உயிர் வந்து கண் திறந்த கணமே அறையை விட்டு ஓடுகிறான். உயிரினம் கட்டிலருகே வந்து கையை நீட்டுகிறது. மறுபடியும் ஓடுகிறான்.

இரண்டாவது, ஒரு குடிசையில் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருந்த கிழவர். கண்டதும் அலறிக்கொண்டு ஓடுகிறார். மூன்றாவது ஒரு கிராமம். பிள்ளைகள் கத்துகிறார்கள், ஒரு பெண் மயங்குகிறாள், கல் விழுகிறது. இந்த மூன்றிலும் நான்காம் நிரல் கிட்டத்தட்ட வெறுமைதான். அது திருப்பி ஒன்றும் செய்யவில்லை. ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

நான்காவது கதவுக்கு நீங்கள் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கலாம். டி லேசி குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய சின்னக் கொட்டிலில் உயிரினம் ஒளிந்து, பலகை வைத்து அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியாக அவர்களைப் பார்க்கிறது. மூன்றாம் நிரலை நிரப்பிப் பாருங்கள், நெஞ்சு கனக்கும். அவர்களுடைய சாப்பாட்டைத் திருடிக்கொண்டிருந்தது, அவர்களும் ஏழைகள் என்று தெரிந்ததும் நிறுத்துகிறது. கிழங்கும் காயும் தின்கிறது. இரவில் விறகு வெட்டி வாசலில் போடுகிறது. பனியை ஒதுக்கி வழி செய்கிறது. அவர்கள் இன்னொருத்திக்கு மொழி சொல்லிக்கொடுக்கும்போது தானும் ஒட்டுக்கேட்டுப் படிக்கிறது. கண் தெரியாத அப்பா தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறது. அவர் அன்பாகப் பேசுகிறார். காண முடியாதவர் மட்டும்தான் அதை மனிதராக நடத்துகிறார், கவனியுங்கள். அப்போது மகன் ஃபீலிக்ஸ் வந்து தடியால் அடிக்கிறான். நினைத்தால் அவனைக் கிழித்துப் போட்டிருக்கும். கிழிக்கவில்லை. அவர்கள் வீட்டைக் காலிபண்ணிப் போன பிறகுதான் நெருப்பு வைக்கிறது, அதுவும் வெறும் வீட்டுக்கு.

ஐந்தாவது: ஆற்றில் விழுந்த ஒரு பெண்பிள்ளையைக் காப்பாற்றிக் கரையேற்றுகிறது. கூட வந்தவன் பிள்ளையைப் பறித்துக்கொண்டு அதைச் சுடுகிறான்.

இத்தனைக்கும் பிறகுதான் விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியத்தின் கொலை. அதிலும் அவசரப்பட்டு "பழிவாங்கியது" என்று எழுதிவிடாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு இன்னும் வெறுக்கத் தெரிந்திருக்காது, இவனைக் கூட்டிப்போய்த் துணையாக வளர்க்கலாம் என்று நினைத்துத்தான் அது அவனைப் பிடிக்கிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அலறுகிறான், அப்பாவின் பெயரைச் சொல்லி வெருட்டுகிறான். பிராங்கன்ஸ்டைன் என்ற பெயரைக் கேட்ட பிறகே கை கழுத்துக்குப் போகிறது. ஒதுக்குவதை எத்தனை வயதில் படிக்கிறோம் என்ற கேள்வியை அந்த ஒரு பக்கத்தில் வைத்துவிட்டார், எழுதத் தொடங்கியபோது 18 வயதே ஆன மேரி ஷெல்லி. நான் இந்த இடத்துக்கு 4 பக்கம் எழுதினேன். என் ஆய்வேட்டில் வெட்டப்படாமல் தப்பியது அது மட்டும்தான்.

ஒரு நாவலுக்கு இந்தக் கொப்பியை நிரப்ப 10 நாள் வையுங்கள். வாசித்துக்கொண்டே நிரப்பாதீர்கள். முதலில் ஒரு முறை கதைக்காக வாசியுங்கள், இரண்டாம் முறை கொப்பியோடு இருங்கள்.

5. "ஒதுக்கினார்கள், அதனால் கெட்டான்" என்று முடித்துவிடாதீர்கள்

கொப்பி நிரம்பியதும் எல்லோரும் விழும் குழி இது. நானும் விழுந்தேன். "இன்விசிபிள் மேன்" என்னைத் தூக்கிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத அந்த மனிதன், கிரிஃபின், பனி கொட்டும் நாளில் முகமெல்லாம் துணி சுற்றிக்கொண்டு ஐப்பிங் என்ற கிராமத்துச் சத்திரத்துக்கு வருகிறான். ஊர் சந்தேகிக்கிறது, நாய் கடிக்கிறது. கால்சட்டை கிழிந்த இடத்தில் உள்ளே கறுப்பாகத் தெரிந்ததும் தேநீர்க்கடைக் கதை போல ஒன்று கிளம்பி, ஆள் பாதி வெள்ளை பாதி கறுப்பு என்று ஊர் முழுக்கச் சுற்றுகிறது. வாசிக்கும்போது நமக்கு அவன்மேல் இரக்கம் வரும். நான் 12 பக்கம் இரக்கமாக எழுதியும் விட்டேன். ஆனால் நாவல் கதையைத் தலைகீழாகச் சொல்கிறது. பிற்பகுதியில் கிரிஃபினே தன் பழைய கதையைச் சொல்கிறான்: ஆராய்ச்சிக்காகத் தன் அப்பாவிடமிருந்து திருடியிருக்கிறான். அது அப்பாவின் காசும் இல்லை. அவர் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். இவனுக்குத் துக்கமும் வரவில்லை. குடியிருந்த வீட்டுக்கும் நெருப்பு வைத்துவிட்டு வந்திருக்கிறான். ஐப்பிங் கதவைச் சாத்துவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

ஆகவே சம்பவங்களைப் புத்தகத்தில் வரும் வரிசையில் எழுதாமல், நடந்த வரிசையில் கொப்பியில் எழுதுங்கள். எழுதினால், ஒதுக்கல் ஒருவனைக் கெடுத்த கதையும் கெட்டவன் ஒதுக்கலைச் சாட்டாகப் பிடித்த கதையும் வேறு வேறாகத் தெரியும். அதற்காக ஊரும் தப்பாது. கிரிஃபின் பிறவியிலேயே வெளிறிய தோலும் சிவந்த கண்ணும் உள்ளவன், ஏழை மாணவன். மாயமாக மறைய ஆசைப்பட்ட ஒருவனை முன்பு மற்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வெல்ஸ் விரித்துச் சொல்லவில்லை. சொல்லாததை நீங்களும் சொல்லிவிடாதீர்கள். கேள்வியாகவே விடுங்கள்.

"கிரிசலிட்ஸ்" இன்னொரு முடிச்சுப் போடுகிறது. பேரழிவுக்குப் பிந்திய காலம், லப்ரடோரில் வக்னுக் என்ற இடம். அங்கே உடலில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் கடவுளுக்கு எதிரானது. சோஃபி என்ற சிறுமிக்குக் காலில் ஆறு விரல். ஓடையில் விளையாடும்போது பாறையில் பதிந்த ஈரக் கால்தடம் ஒன்று அவளைக் காட்டிக்கொடுக்கிறது. வெயிலில் காய்ந்து போகிற தடம், ஒரு வாழ்க்கையையே அழித்துவிடுகிறது. பிறகு அவளை, விலக்கப்பட்டவர்கள் வாழும் விளிம்பு நிலத்தில் காண்கிறோம். சரி, இதுவரை ஊர்தான் குற்றவாளி. கடைசியில், கதை சொல்லும் டேவிட், ரோசலிண்ட் போன்ற மனதால் பேசும் பிள்ளைகளைக் காப்பாற்றக் கடல்கடந்து வருகிற பெண்ணோ, பழைய மனிதர்கள் அழியத்தான் வேண்டும் என்று அமைதியாக விளக்கம் சொல்கிறாள். வக்னுக் ஆட்களும் விளிம்பு நில ஆட்களும் ஒன்றாகச் சாகிறார்கள். அவளை நாயகியாக எழுதினால் புள்ளி வெட்டுவார்கள். எனக்கு வெட்டினார்கள்.

6. தமிழ்ச் சொல்லை முன்மொழிவிலேயே முடிவு செய்யுங்கள்

ஆங்கில நாவலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது. "அவுட்காஸ்ட்" என்ற சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் சில நேரம் சாதி சார்ந்த சொல் வந்து நிற்கும், ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பில் இரண்டு சொல் இருப்பதால். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டால் நீங்கள் வேறொரு வரலாற்றை உள்ளே இழுத்துவிடுகிறீர்கள். அந்த ஒப்பீடு வேண்டுமென்றால் வெளிப்படையாகச் செய்யுங்கள், சொல்லுக்குள் ஒளித்துச் செய்யாதீர்கள். நான் "ஒதுக்கப்பட்டவர்" என்று பொதுவாகவும், ஊர் கூடித் தீர்மானித்தால் "விலக்கப்பட்டவர்" என்றும், தானாகவே ஒதுங்கியவரை "ஒதுங்கியவர்" என்றும் பிரித்தேன். மோரோவின் தீவிலிருந்து திரும்பிய பிரென்டிக், லண்டன் மனிதரின் முகத்திலெல்லாம் மிருகத்தைக் கண்டு கிராமத்துக்குப் போய் ஒதுங்கிவிடுகிறான். அவனை யாரும் துரத்தவில்லை. மூன்று சொல் இருந்தால் இப்படிப்பட்டவர்களைக் குழப்பாமல் எழுதலாம்.

7. ஊர்க் கதையைச் சேர்க்க ஆசைப்பட்டால்

எனக்கும் ஆசை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒதுக்கக் கல்லெறியத் தேவையில்லை. கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டாலே போதும், ஊர் விளங்கிக்கொள்ளும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இப்படி ஒதுக்கப்பட்ட இரண்டு குடும்பத்தைப் பேட்டி எடுத்து ஒரு அத்தியாயம் எழுதப் போனேன்.

போகாதீர்கள். முதலாவது, மனிதரைப் பேட்டி எடுத்தால் ஆய்வு நெறிமுறை அனுமதி கேட்பார்கள். அதற்குத் தனி விண்ணப்பம், சம்மதப் படிவம், தனிக் காத்திருப்பு. இரண்டாவது, ஊர் சின்னது. பெயரை மாற்றினாலும் வாசிக்கிறவர் "இது இன்னாரின் மகள்" என்று சொல்லிவிடுவார். ஏற்கெனவே மூடின கதவில் நாம் போய் ஆணி அடித்த மாதிரி ஆகும். இலக்கிய ஆய்வேட்டுக்கு நாவல் போதும். முன்னுரையில் ஒரு பந்தி உங்கள் ஊரைப் பற்றிப் பொதுவாக எழுதிவிட்டு நகருங்கள்.

8. கடதாசி வேலை

ஒவ்வொரு துறைக்கும் சின்ன வித்தியாசம் இருக்கும். துறையின் கைந்நூலை முதல் கிழமையே போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். பொதுவாக வேண்டியவை இவை: ஆய்வு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் சம்மதக் கடிதம், நூலகத்துக்கான அறிமுகக் கடிதம் (வெளி நூலகம் போகிறவர்கள் இரண்டு பிரதி), கருத்துத் திருட்டுச் சோதனை அறிக்கை, உங்கள் உறுதிமொழி, மேற்பார்வையாளரின் சான்றுரை.

நான் மாட்டியவை மூன்று. சான்றுரையில் திகதி போடாமல் கையெழுத்து வாங்கினேன். அதைத் திருத்தப் போன நேரம் அவர் கொழும்பில் பயிற்சிக்குப் போயிருந்தார், 9 நாள் போயிற்று. கருத்துத் திருட்டுச் சோதனையில் ஆங்கில மேற்கோள்கள் எல்லாம் சிவப்பாக வந்து என் வீதம் ஏறியது. மேற்கோள்களைத் தமிழில் நீங்களே மொழிபெயர்த்து, மூலத்தைப் பின்னிணைப்பில் போட்டால் இந்தத் தலையிடி குறையும். உசாத்துணைப் பட்டியலில் பதிப்பு ஆண்டுக்குப் பதில் நான் தளத்திலிருந்து இறக்கிய ஆண்டை எழுதியிருந்தேன். மேரி ஷெல்லி நம் காலத்து எழுத்தாளர் ஆகிவிட்டார்.

9. காலக்கணக்கு

கார்த்திகை, மார்கழியை எழுத்து வேலைக்கு நம்பாதீர்கள். வடகீழ்ப் பருவமழை பிடித்தால் படுவான்கரையில் பல ரோட்டு தண்ணிக்குக் கீழே. கரண்ட் போகும், பஸ் நிற்கும். நான் மூன்றாம் வரைவை மார்கழியில் கொடுக்கத் திட்டம் போட்டவள். கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுக் குந்திக்கொண்டிருந்தேன். தை பிறந்தால் பெரும்போக வெட்டு. வயல் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் புத்தகம் தூக்க வெட்கமாக இருக்கும். ஒலுவில் பக்கம் படிக்கும் சிநேகிதி நோன்பு மாதத்தை ஆரம்பத்திலேயே கணக்கில் எடுத்துத் திட்டம் போட்டாள், எனக்கு முன் முடித்தாள்.

நான் இன்று தொடங்கினால் இப்படிப் போடுவேன்: முன்மொழிவுக்கு 3 கிழமை, இரண்டு முறை வாசிக்கவும் கொப்பி நிரப்பவும் 8 கிழமை, முதல் வரைவு 6 கிழமை, திருத்தம் 6 கிழமை, அச்சும் பைண்டிங்கும் 2 கிழமை. ஒப்படைக்கும் கிழமையில் அச்சுக் கடைகளில் சனம் நிறைந்து நிற்கும். ஒரு கிழமை முந்திப் போங்கள்.

10. காசுக் கணக்கு

நான் கட்டியதை அப்படியே தருகிறேன். உங்கள் நேரத்தில் விலை மாறியிருக்கும். மூன்று வரைவு, 80 பக்கப்படி, பக்கம் 15 ரூபா: 3,600. அவற்றுக்கு ஸ்பைரல் பைண்டிங் 350 படி 1,050. கடைசிப் பிரதி 92 பக்கம், நான்கு படி: 5,520. தடித்த அட்டை பைண்டிங் ஒன்று 1,200 படி 4,800. "கிரிசலிட்ஸ்" 1,800.

அப்புறம் ஒரு 2,400. இரண்டு பிரதியின் முதுகில் "புனைகதை" என்பது "புகைகதை" என்று தங்க எழுத்தில் வந்துவிட்டது. கடைக்காரத் தம்பியில் பிழையில்லை, நான் கொடுத்த துண்டில் அப்படித்தான் இருந்தது. மொத்தம் 19,170 ரூபா. பஸ் காசும் டேட்டாவும் அந்த 350 ரூபாப் புத்தகமும் இதில் இல்லை. அட்டையில் வரும் எழுத்தை இன்னொருவரைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

11. வைவா (வாய்மொழிப் பரீட்சை)

20 நிமிடம். முதல் 15 நிமிடம் நன்றாகப் போனது. கடைசியில் பரீட்சகர் மிஸ் ஒருவர் என் கொப்பி அட்டவணையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஜஸ்டினையும் ஊர் ஒதுக்கினதுதானே? அவ ஏன் பிசாசு ஆகல்ல?"

ஜஸ்டின் அந்த வீட்டில் வளர்ந்த வேலைக்காரப் பெண். வில்லியத்தைக் கொன்றதாகப் பொய்ப் பழி விழுகிறது. ஊர் முழுக்க அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. பாவமன்னிப்புக் கேட்க வந்த பாதிரியார், ஒப்புக்கொள்ளாவிட்டால் திருச்சபையிலிருந்து விலக்குவதாக வெருட்டுகிறார். பயத்தில் செய்யாததைச் செய்தேன் என்கிறாள், தூக்கில் சாகிறாள். யாரையும் அவள் பழிக்கவில்லை. 11 மாதம் ஒதுக்கப்பட்டவர்களைத் தேடினவளுக்கு இந்தப் பெண் கண்ணில் படவே இல்லை. நான் உயிரினத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "தெரியாது மிஸ்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் பிடிபட்டது. ஜஸ்டினைப் பார்க்க எலிசபெத் சிறைக்கு வந்தாள், இவள் குற்றம் செய்யவில்லை என்று நம்பினாள். உயிரினத்துக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. "கிரிசலிட்ஸ்" டேவிட்டுக்கு எக்ஸல் மாமா இருந்தார். கிரிஃபினுக்கு, முன்பு கூடப் படித்த டொக்டர் கெம்ப் படுக்க இடம் கொடுத்தார், அவன் தூங்கும்போதே பொலிசுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். சோஃபிக்கு யாரும் மிஞ்சவில்லை. ஆனாலும் டேவிட்டை ஒளித்து, ரோசலிண்டைக் காவலனிடமிருந்து தப்பவைத்தவள் அவள்தான். அதில் அவளுக்கும் ஒரு லாபம் இருந்தது, அது வேறு கதை.

ஆகவே உங்கள் கொப்பியில் நான்கு நிரல் போடாமல் ஐந்து போடுங்கள். ஐந்தாவது: கதவைச் சாத்தாமல் வைத்திருந்தது யார்? நான் இதைத் திருத்தப் பிரதியில்தான் சேர்த்தேன். திருத்தத்துக்கு 21 நாள் தந்தார்கள். 11 பக்கம் மாறியது, நான்கு படிக்கு 660 ரூபா. பைண்டிங்கைப் பிரித்துத் திரும்பக் கட்டக் கடைக்காரத் தம்பி காசு வாங்கவில்லை. முதுகைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான்.